பேச்சி மூன்றாகக் கிழிந்த கதை

அந்தக் காலத்தில், ஓர் உயிரணுவின் உட்கருவுக்குள் புரதங்களெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. அங்கே மரபிழை என்று ஒரு நீள நூல். உயிரணு பிழைக்கத் தேவையான அத்தனை செய்முறையும் அதில்தான் இருந்தது. அந்த நூலில் ஊர்ந்து படியெடுப்பவன் நகலன். எதை எடுப்பது என்று தூரத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லைச் சுமந்து வருகிற தரகுக்காரி பேச்சி. ஒரே கட்டான உடம்பு, மூக்குக்கு மேல் கோபம்.

ஒருநாள் வெளியே சூடு ஏறியது. வெந்நீரில் விழுந்த முட்டை வெள்ளை மாதிரி வேலைக்காரப் புரதங்கள் திரண்டு கட்டியாகத் தொடங்கின. இன்னும் கொஞ்ச நேரம் போனால் உயிரணுவே வெந்துவிடும். திரளும் புரதங்களைக் காக்கிற சூட்டுக் காவலர்களைச் செய்யும் முறை நூலில் இருந்தது. அது தொடங்குகிற இடத்தை, குதிரைச் சேணம்போல நூலை வளைத்து உட்கார்ந்து, சேணத்தான் பிடித்து வைத்திருந்தான். நகலனும் வந்துவிட்டான். ஆனால் அடி எடுத்து வைக்கவில்லை.

"தூரத்திலேருந்து வெம்மணி சொல்லிட்டான். கிளம்பு," என்றாள் பேச்சி.

"உன் வாயை நம்பித்தானே போன தடவை கெட்டேன்?"

உண்மைதான். அவசரத்தில் யாரோ போட்ட சத்தத்தை அவள் ஆள் மாற்றிச் சொல்ல, நகலன் வேண்டாததைப் படியெடுத்துக் குவித்து, உயிரணு வீங்கி வெடிக்கப் பார்த்தது. இனிமேல் சொன்னவன் தொட்டால்தான் நகர்வேன் என்று அன்றைக்கே அவன் முடிவாகச் சொல்லிவிட்டான்.

பேச்சி வெம்மணியிடம் ஓடினாள். சூட்டை முதலில் உணர்கிறவன் அவன்; நூலில் வெகுதூரத்தில் தன் இடத்தைக் கவ்விக்கொண்டிருந்தான். பிடியை விட்டால் எந்தச் செய்முறைக்காகப் பேசுகிறேன் என்பதற்கே அடையாளம் இல்லை, வரமாட்டேன் என்றான். திரும்பி ஓடி, பாதி வழிக்காவது வா என்று நகலனிடம் பேரம் பேசினாள். தொடக்கத்தை விட்டு வந்தால் செய்முறை தலையில்லாமல் போகும் என்றான் அவன். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சல். சுற்றிலும் கட்டிகள் பெருகிக்கொண்டே இருந்தன.

"ஆளுங்க நகர மாட்டீங்க. சரி, நூல் நகரட்டும்."

மறுபடி போனவள் வெம்மணியை வாலால் இறுக்கி, அவனோடு சேர்த்து நூலையே இழுத்துக்கொண்டு நடந்தாள். நூல் வளையமாகச் சுருண்டு வந்தது. நகலனை எட்ட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, அங்கே நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை.

"எட்டிப் பிடிக்காதே பேச்சி, கிழிஞ்சிடுவே," என்றான் சேணத்தான்.

"கிழிஞ்சா தைச்சுக்கறேன். நீ உன் இடத்தைப் பிடி."

பல்லைக் கடித்துக்கொண்டு எட்டினாள். உடம்பு இரண்டு இடத்தில் கிழிந்தது. தலை, நடு, வால் என்று மூன்றாகி, மெல்லிய மூட்டுகளில் தொங்கியது. வால் வெம்மணியை விடவில்லை; தலை நகலனைத் தொட்டுவிட்டது. சூடு பட்ட வெம்மணியின் நடுக்கம் வாலில் ஏறி, நடுவைக் கடந்து, தலை வழியாக நகலன்மேல் இறங்கியது. வெம்மணியே தொட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. கிளம்பிவிட்டான்.

காவலர்கள் பிறந்து வந்து கட்டிகளைப் பிரித்தார்கள். சூடு தணிந்ததும், தைத்துக்கொள்ளவில்லையா என்று சேணத்தான் கேட்டான்.

"வேண்டாம்," என்றாள் பேச்சி. "நாளைக்கும் எட்ட வேண்டியிருக்கும்."

அன்று முதல்தான் பேச்சி மூன்று துண்டாக இருக்கிறாள்; அன்று முதல்தான் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லாமல் போய், நூல் வளைந்து வர, சொன்னவன் பேச்சி வழியாகத் தன்னைத் தொட்ட பிறகே நகலன் முதல் அடி வைக்கிறான்.