நடுவில் வைத்த கட்டி

குரு ஹெப்சிபாவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடர் கலியமூர்த்திக்கு ஐம்பத்திரண்டு. அரசுக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு ஹெப்சிபாவிடம் வந்து சேர்ந்தவர். அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை சார் என்பார்.

கல்குவாரித் தொழிலாளர்களின் நெஞ்சில் கட்டி உண்டா என்று பார்க்க எக்ஸ்ரே வண்டி ஊர் ஊராகக் கிளம்ப இருந்தது. காலமெல்லாம் தூசியைத் தின்ன விட்டவர்களுக்கு அந்த நெஞ்சு இப்போதுதான் ஞாபகம் வந்திருந்தது. எக்ஸ்ரே கதிரைப் பாதியாகக் குறைத்தால் உடம்புக்கு நல்லது. ஆனால் படம் மணல் தூவினாற்போல் ஆகிவிடும். அந்த மணலுக்குள்ளும் கட்டி தெரியுமா?

அதற்குத்தான் கலியமூர்த்தி கணினிக்கு ஒரு சூத்திரம் செய்திருந்தார். மனிதக் கண்ணுக்குப் பதிலாக அது படத்தைப் பார்க்கும். கட்டி உண்டு, இல்லை என்று சொல்லும். பாதிக் கதிரில் எடுத்த படத்திலும் அது ஒரு முறைகூடத் தவறவில்லை.

"திங்கட்கிழமை அறிக்கையைக் கொடுத்துடலாமா மேடம்?"

கொடுத்தால் வண்டி பாதிக் கதிரோடு புறப்பட்டுவிடும். மேலே இருப்பவர்கள் கடைசிப் பக்கம் மட்டும் படிக்கிறவர்கள்.

ஹெப்சிபா பாதிக் கதிரில் எடுத்த ஒரு படத்தைத் திரையில் போட்டு, கட்டியைத் தேடச் சொன்னார்.

கலியமூர்த்தி கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், மூக்கு திரையில் இடிக்கக் குனிந்தார். கடைசியில் வலது தோளெலும்புக்குக் கீழே விரல் வைத்தார். அடுத்த படம் வந்தது. அதில் இடது விலா ஓரம். நிச்சயமா என்று ஹெப்சிபா கேட்டார். சந்தேகத்தோடு விடை எழுதுகிற வழக்கம் தனக்கு இல்லை என்றார் வாத்தியார்.

"மொதல் படத்துல கட்டியே கிடையாது சார். ரெண்டாவதுல இருக்கு. இதயத்துக்குப் பின்னால."

கலியமூர்த்திக்குக் காது சிவந்தது.

"எங்க பார்க்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே மேடம்."

"உங்க சூத்திரத்துக்கு யார் சொன்னது?"

அவரேதான். கணக்கு சுலபமாக முடியட்டும் என்று, சோதனைப் படம் எல்லாவற்றிலும் செயற்கைக் கட்டியை நட்டநடுவில் வைத்திருந்தார். அங்கே மட்டும் பார் என்று சூத்திரத்துக்குச் சொல்லியும் கொடுத்திருந்தார். பாடப்புத்தகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

கலியமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ என் கணக்கு தப்பா?" குரல் இறங்கிவிட்டது.

ஹெப்சிபா மேசை இழுப்பறையைத் திறந்தார். பொழுது சாய்ந்தால் சாருக்குப் பசிக்கும் என்று அதில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும். ஒன்றை உடைத்து, பெரிய துண்டை அவர் பக்கம் தள்ளினார்.

"தப்பே இல்ல சார். கட்டி நடுவுல மட்டும் வர்ற ஊருக்கு இது ரொம்பச் சரி. அந்த ஊர் எதுன்னு கண்டுபிடிங்க. வண்டியை மொதல்ல அங்க அனுப்பலாம்."