வெயில் பலகையும் சுண்டைக்காய் வத்தலும்

வெயிலைக் குடிக்கிற பலகையை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? பார்த்ததில்லை என்றால் ஆவாரங்காட்டுக்கு வாருங்கள்.

அந்தக் காட்டின் நடுவில் ஒரு குளம். கரையெல்லாம் மஞ்சள் மஞ்சளாக ஆவாரம்பூ. காற்று லேசாக அசைந்தால் போதும், பூ உதிரும். உதிர்ந்த பூ தண்ணீரில் மிதக்கும். மீன்கள் அதை நிலா என்று நினைத்து, பட்டப்பகலிலேயே தூங்கிவிடும். அப்படி ஒரு கிறக்கமான காடு!

கரைமேட்டில் ஒரு வளை. அதில் வடிவு என்ற முள்ளெலி, தன் புருஷன் சொரிமுத்துவோடு குடியிருந்தாள். முதுகெல்லாம் முள், வயிறு மட்டும் பஞ்சு. அந்தப் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு, கண் திறக்காத மூன்று குட்டிகள் கிடந்தன.

பொழுது சாய்ந்தால் அந்தக் காட்டுக்கு வெளிச்சமும் கதகதப்பும் தருவது மின்மினிகள்தான். மாதம் ஒரு தொன்னைத் தேன் கொடுத்தால், வளைக்குள் வந்து கொத்தாகத் தொங்கும். ஆனால் மழை பிடித்துவிட்டால் ஒன்றுகூட வராது. "சிறகு நனையுதம்மா!" என்று ஒரே வார்த்தை. போன ஐப்பசியிலும் அப்படித்தான், மூன்று நாள் வரவில்லை. வடிவின் தலைச்சன் குட்டி குளிரில் விறைத்தது. அப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை.

இந்த வருஷம் மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே வடிவு பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, நமக்குன்னு ஒரு வெயில் பலகை போட்டுருவோம்!"

"வெளையாடுதியா? ஒரு கோடை பூரா சேர்த்த கடலையை மொத்தமா கேப்பாங்களே!" என்றான் சொரிமுத்து.

"கடலை அடுத்த கோடையிலயும் விளையும். பிள்ளை விளையுமா?"

சொரிமுத்து அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. கடலை மூட்டையைத்தான் திறந்தான்.

மறுநாளே நீர்நாய் சேவியர் பலகையை இழுத்துக்கொண்டு வந்தார். காட்டில் எல்லா வீட்டுக்கும் பலகை போடுகிறவர் அவர்தான். கறுப்புப் பலகை, வழுவழுவென்று இருந்தது. குளத்துத் தண்ணீரில் ஒரு துண்டை வெட்டி எடுத்த மாதிரி! அதை வளைக்கு மேலே, தெற்குப் பார்க்கச் சாய்த்து வைத்தார். அதிலிருந்து ஒரு கொடியை வளைக்குள் இறக்கினார். இன்னொரு கொடியை மின்மினிகள் குடியிருக்கும் இலுப்பை மரத்துக்கு இழுத்தார்.

"இந்தா பாரும்மா. பகல்ல இது வெயிலைக் குடிக்கும். சாயங்காலம் உள்ளே ஊத்தும். இருபது மழைக்காலம் தாங்கும். முதல் அஞ்சு மழைக்காலம், நீ குடுத்த கடலைக்குச் சரியாப் போகும். அதுக்கப்புறம் வர்றதெல்லாம் உனக்கு மிச்சம்!"

"மோடம் போட்டு வெயில் மறைஞ்சா என்ன அண்ணாச்சி செய்ய?"

"நல்லாக் கேட்டே! மோடம் போட்டா பாதிதான் தரும். அதை மறைக்க மாட்டேன். அதான் இன்னொரு கொடி. வெயில் நாள்ல மிஞ்சுறதை மின்மினிகிட்ட குடுத்து வை. மழை நாள்ல அது பறந்து வரவேண்டாம். இருந்த இடத்துலேர்ந்தே கொடி வழியாத் திருப்பி அனுப்பிரும்."

போகும்போது திரும்பி நின்று, வாலை ஆட்டிச் சொன்னார்: "வெயிலுக்கும் பலகைக்கும் நடுவுல யாரும் வரக்கூடாது. மறந்துராதே!"

"ஒரு ஈயை விடமாட்டேன் அண்ணாச்சி!" என்றாள் வடிவு.

அன்று சாயங்காலம் வளைக்குள் வெளிச்சம் வந்தது பாருங்கள்! கொடியின் நுனியிலிருந்து தேன் ஒழுகுகிற மாதிரி, மெல்ல, மெல்ல. மண்சுவர் பொன்னாக மாறியது. குட்டிகளின் காதுமடல் ரோஜா இதழ் போலச் சிவந்து தெரிந்தது. வடிவுக்குத் தான் விழித்திருக்கிறோமா, கனவில் இருக்கிறோமா என்றே தெரியவில்லை.

பக்கத்து வாகை மரத்தில் எசக்கி என்ற செம்போத்து இருந்தாள். அவள் இறங்கி வந்து வளைவாசலில் எட்டிப் பார்த்தாள்.

"ஏயப்பா! வடிவு, உன் வீட்டுக்குள்ள விடிஞ்சே போச்சு, போ!"

மனசாரத்தான் சொன்னாள். ஆனால் செம்போத்தின் கண் உங்களுக்குத் தெரியுமே, நெருப்புத் துண்டு மாதிரி சிவப்பாக இருக்கும். அவள் போனதும் சொரிமுத்து கிசுகிசுத்தான்: "பாத்தியா? கொள்ளிக்கண்ணு! அப்படியே பட்டுச்சு!"

"போங்க! மதினி கண்ணு முட்டையிலேர்ந்து வரும்போதே அப்படித்தான்," என்று வடிவு சிரித்தாள்.

மறுநாள் காலையிலிருந்து வடிவு காவல் உட்கார்ந்தாள். வண்ணத்துப்பூச்சி வந்தது. "ஏய், சுத்திப் போ!" தும்பி வந்தது. "அந்தப் பக்கம், அந்தப் பக்கம்!" வெள்ளை மேகம் ஒன்று ஆடி அசைந்து வந்தது. அதையும் விடவில்லை. "உன்னைத்தான், தள்ளு!"

உச்சிவேளையில் பலகையைத் தொட்டுப் பார்த்தாள். சுரீர் என்றது!

"அடடா, இவ்வளவு நல்ல சூடு வீணாப் போகுதே!"

வீட்டில் உப்புத் தண்ணீரில் ஊறிய சுண்டைக்காய் இருந்தது. ஒரு மூலையில் பரப்பினாள். சாயங்காலத்துக்குள் கலகலவென்று காய்ந்துவிட்டது. வடிவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்!

அன்றைக்கு வெளிச்சம் ஒரு மாற்றுக் குறைவாக வந்தது.

"சொன்னேன்ல, கண்ணு பட்டுட்டு!" என்றான் சொரிமுத்து. மறுநாள் காலையிலேயே ஒரு கற்றாழையைப் பிடுங்கி, பலகைக்கு மேலே தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டான். அதன் நிழல் பலகையின் நடுவில் விழுந்தது. அன்றைக்கு வெளிச்சம் இன்னும் குறைந்தது.

"பொல்லாத கண்ணாவுல்லா இருக்கு!" என்று பலகை நெடுகச் செம்மண் பொட்டு வைத்தான். இன்னும் குறைந்தது. ஒரு பூசணிக்காயை உருட்டி வந்து கட்டினான். இன்னும் குறைந்தது. இந்தப் பக்கம் வடிவும் சும்மா இல்லை. சுண்டைக்காய்க்குப் பக்கத்தில் மணத்தக்காளி, அதற்குப் பக்கத்தில் கோவைக்காய் என்று பரப்பிக்கொண்டே போனாள். மழைக்காலத்துக்கு வத்தல் வேண்டாமா?

கொடியின் நுனியில் இப்போது பனித்துளி அளவுக்குத்தான் வெளிச்சம் நின்றது. கடைசியில் வடிவும் நம்பிவிட்டாள். எசக்கி ஒரு நாள் பேச்சுக் கொடுக்க வந்தபோது, மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டாள்.

"மதினி, இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. எங்க பலகை மேல கண்ணு வச்சது போதும்!"

எசக்கி திகைத்துப் போனாள். "நானாட்டி கண்ணு வச்சேன்? நல்லா இரு தாயி!" என்று பறந்து போய்விட்டாள். வாகை மரத்தில் அவள் 'கூப், கூப்' சத்தம் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மழை வந்தது. முதல் நாள் தூறல். இரண்டாம் நாள் குளமும் வானமும் ஒரே நிறம். வத்தலெல்லாம் பலகையோடு ஒட்டி ஊறிப் போயிற்று. கொடியில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. சொரிமுத்து நனைந்துகொண்டே இலுப்பை மரத்துக்கு ஓடினான்.

"எங்ககிட்ட நீங்க ஒரு சொட்டுகூடக் குடுத்து வைக்கலையே!" என்றன மின்மினிகள். "வேணும்னா தேன் குடுங்க, கொடி வழியா அனுப்புதோம்."

தேனுக்கு எங்கே போக? மாற்றிக்கொள்ளக் கடலை ஒன்றுகூட மிச்சமில்லை.

மூன்றாம் நாள் காலையில் கடைக்குட்டி பால் குடிக்கவில்லை. வடிவு அதன் பாதத்தைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அழுகை அவளுக்குச் சத்தமாக வரவில்லை. ஆனாலும் வாகை மரத்துக்கு அது கேட்டது.

உச்சிவேளையில் மேகம் கொஞ்சம் விலகியது. ஈரக்காட்டின் மேல் வெயில் ஒரு மஞ்சள் துணியை விரித்த மாதிரி விழுந்தது. அப்போது படபடவென்று ஒரு சிறகுச் சத்தம்.

"வடிவு! திட்டணும்னா அப்புறம் திட்டிக்கோ. வெயில் வந்திருக்கு, மேல வாட்டி!"

குட்டியைச் சொரிமுத்துவிடம் கொடுத்துவிட்டு வடிவு மேலே ஏறினாள். எசக்கி பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"எங்கட்டி பலகை? பலகையையே காணோமே!"

"இந்தா இருக்கே மதினி!"

"அதுக்கு மேல இருக்குறது?"

"அது சுண்டைக்காய் வத்தல்."

"நடுவுல யாரும் வரக்கூடாதுன்னு நீர்நாய் தொண்டை கிழியச் சொன்னாரே! வாகை மரத்துக்கே கேட்டுச்சு!"

"யாரும் வரலையே மதினி! ஒரு ஈயைக்கூட நான் விடலையே!"

"அப்ப சுண்டைக்காய் யாரு?"

வடிவு விழித்தாள். "சுண்டைக்காய்... அது யாரும் இல்லையே மதினி. அது காய்தானே!"

"அடி இவளே! யாரு, எதுன்னு வெயிலுக்குத் தெரியுமா? வழியில நின்னா எல்லாமே நிழலுதான்! காய் நின்னாலும் நிழல், கற்றாழை தொங்கினாலும் நிழல், உன் புருஷன் பூசணிக்காய் கட்டினாலும் நிழல்! என் கண்ணுக்கு நிழல் உண்டாட்டி?"

வடிவின் முதுகு முள்ளெல்லாம் வெட்கத்தில் படுத்துக்கொண்டது. வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க நேரம் ஏது? வத்தலை இரண்டு கையாலும் வழித்துக் கீழே தள்ளினாள். எசக்கி பறந்து போய்ப் பூசணிக்காய்க் கயிற்றை அலகால் வெட்டினாள். அது உருண்டு போய்க் குளத்தில் 'தொபுக்'கென்று விழ, தூங்கின மீன்கள் எல்லாம் எழுந்துகொண்டன. கற்றாழை போயிற்று. மழையில் கரைந்து அப்பிக் கிடந்த செம்மண் பொட்டை எசக்கி தன் ஈரச் சிறகாலேயே துடைத்துவிட்டாள். கறுப்புப் பலகை மறுபடியும் பளபளத்தது.

ஒரு நாழிகை வெயில்தான். பலகை அதை மடக் மடக்கென்று குடித்தது. அப்புறம் மேகம் மூடிக்கொண்டது.

சாயங்காலம் மூவரும் கொடியையே பார்த்தார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு துளி. இன்னொரு துளி. நிறைய என்று சொல்ல முடியாது, முதல் நாள் வந்ததில் பாதிதான். அந்தப் பாதி கடைக்குட்டியின் மேல் இளஞ்சூடாக வழிந்தது. குட்டியின் பாதம் மெல்ல அசைந்தது. மூக்கால் துழாவித் துழாவி வடிவின் மடியைக் கண்டுபிடித்தது. 'சப், சப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு ஈடாக ஏழு கோடைக் கடலையைக் கொடுக்கலாம்!

வெளியே மறுபடியும் மழை பிடித்தது. எசக்கி வாசலில் நின்று சிறகை உதறினாள். அவளுக்கு நடுக்கம் எடுத்தது. நனைந்துபோன வாகை மரத்தைப் பார்த்தபடி பறக்கக் குனிந்தாள்.

சொரிமுத்து தலையைத் தொங்கப்போட்டு, "மதினி, புத்தி கெட்டுப் பேசிட்டோம்," என்றான். அவன் பேச்சு முடிவதற்குள் வடிவு எசக்கியின் இறகைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, போகாதீங்க. மழை விடுற வரைக்கும் எங்க வெளிச்சத்துல வந்து உட்காருங்க."

பெரிய விலை கொடுத்து வாங்கிய நல்லதைக்கூட நம் கையாலேயே மறைத்துவிட்டு, அடுத்தவர் கண்ணைக் குறை சொன்னால், நம் வீடுதான் இருட்டாகக் கிடக்கும்.