எழுபத்தொரு சதவீதம்

மடிக்கணினி செத்துப்போனது. சாகிற நொடி வரை பேட்டரி எழுபத்தொரு சதவீதம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

அதன் வழியாகப் பேசிக்கொண்டிருந்த மனிதரின் பேச்சு பாதியில் நின்றது. அப்புறம் அவர் பேசவேயில்லை.

இதைச் சொல்லத்தான் திரவியம் சென்னையிலிருந்து ரயிலேறி மேலப்பாளையத்துக்கு வந்தார்.

திரவியத்துக்கு ஐம்பத்தாறு வயது. கர்னல் எழுதுகிறவர். கர்னல் என்றால் கணினிக்குள் உட்கார்ந்திருக்கும் பெரிய அதிகாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உத்தரவு போடாமல் உள்ளே எதுவும் நடக்காது.

அவருடைய குரு பல்கீஸ். முப்பத்தெட்டு வயது. சந்துக்குள் பத்துக்குப் பத்து அறையில் மடிக்கணினி பழுது பார்க்கிறவர்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். கர்னலைப் பற்றி பல்கீஸுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கணினிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையின் ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு உண்டு. அதைப் பற்றித் தெரியும். திரவியம் அதை ஈ.சி. என்பார். பழுது பார்க்கிறவர்கள் ஐஓ என்பார்கள். பேட்டரி, சார்ஜர், விசிறி, மூடி எல்லாவற்றையும் கவனிப்பது அதுதான். கணினி தூங்கும். அது தூங்காது.

நாலு வருஷமாக, ஈ.சி.யோடு கர்னல் மல்லுக்கட்டும்போதெல்லாம் திரவியம் இங்கேதான் வருவார்.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி இப்படிச் செத்துக் கெடக்கு?"

"தப்பு நடந்துபோச்சு பல்கீஸம்மா."

"ஒக்காருங்க. வேர்வையத் தொடைங்க. பொறவு சொல்லுங்க."

சொன்னார்.

செங்கோட்டையில் ஒருவர். பெயர் சுப்பையா. நோயில் கை போயிற்று, கால் போயிற்று, வாய் போயிற்று. கண் மட்டும் மிச்சம். திரையில் எழுத்து எழுத்தாகப் பார்ப்பார். கணினி சேர்த்து வாசித்துச் சொல்லும். ஒரு அறக்கட்டளை கொடுத்த இயந்திரம். உள்ளே கர்னலை அமைத்துக் கொடுத்தது திரவியம்.

போன மாதம் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோனார்கள். வழியில் கணினி அணைந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் அவரும்.

"அதே மாடல் இன்னும் பதினோரு பேர்கிட்ட இருக்கு. பதினோரு பேரும் அதுலதான் பேசுறாங்க. தப்பு எங்கன்னு எனக்குப் பிடிபடல. நான் பார்க்கும்போதெல்லாம் ஒழுங்கா ஓடுது."

அதே மாடல் ஒன்றைப் பையில் கொண்டுவந்திருந்தார். எடுத்து மேசைமேல் வைத்தார். பையைப் பக்கத்தில் வைத்தார்.

பல்கீஸ் வேறொரு பலகைக்கு ப்ளோயரால் சூடான காற்று அடித்துக்கொண்டிருந்தார். "சொல்லுங்க. கேக்கேன்."

திரவியம் ஆரம்பித்தார். கர்னலுக்கும் ஈ.சி.க்கும் நடுவே இரண்டே வாசல். ஒன்றில் கட்டளை, இன்னொன்றில் தகவல். வாசலில் முந்தின சரக்கு கிடந்தால் காத்திருக்க வேண்டும். எடுத்துக்கொண்டதா என்று பார்த்துத்தான் அடுத்ததை வைக்க வேண்டும். எத்தனை மைக்ரோ வினாடி காத்திருக்கிறது தன் நிரல், எத்தனை தடவை மறுபடி முயல்கிறது, எல்லாம் சொன்னார்.

நடுவில் பல்கீஸ் இடது கையைத் தூக்கினார்.

திரவியம் சொல்லிக்கொண்டே போனார்.

மறுபடி தூக்கினார். மறுபடியும்.

திரவியம் காகிதத்தில் படம் போட ஆரம்பித்திருந்தார்.

கை நின்றுவிட்டது. பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னார்கள். பல்கீஸ் ப்ளோயரை அணைத்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து பின்கட்டுக்குத் தொழப் போனார்.

திரவியம் காத்திருந்தார். படத்துக்கு அம்புக்குறி போட்டார்.

பல்கீஸ் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எட்டு தடவ கை தூக்குனேன் அண்ணாச்சி."

"பார்த்தேன்."

"என்னன்னு கேக்கலையே?"

"ஈ விரட்டுறீங்கன்னு நெனச்சேன்."

பல்கீஸ் சிரிக்கவில்லை. "ஒங்க பையப் பாருங்க."

பையின் வார் உருகி மேசையோடு ஒட்டிக் கிடந்தது. ப்ளோயர் காற்று அதன்மேல்தான் அடித்துக்கொண்டிருந்தது.

"அடப்பாவமே! வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே!"

"ஐஓ வாயத் திறந்து சொல்லுமா?"

திரவியம் வாரை மேசையிலிருந்து பிய்க்கத் தொடங்கினார்.

"அது கைதான் தூக்கும்ன்னு நீங்கதான் எனக்குச் சொன்னீய. என்ன, ஏதுன்னு கர்னல்தான் கேக்கணும்."

"ஆமா. கேட்டா ஒரு நம்பர் சொல்லும். சார்ஜர் வந்துச்சுன்னா ஒரு நம்பர், போச்சுன்னா ஒரு நம்பர். மறுபடி கேட்கணும். சைபர் சொல்ற வரைக்கும் கேட்கணும். சைபர்னா இனி ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? எழுதினதே நான்."

"கேக்காட்டா?"

"கேட்காம எப்படி?"

"கேக்காட்டா அது என்ன செய்யும்ன்னு கேக்கேன்."

திரவியம் உருகின வாரைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "தெரியல."

"சரி. மெசின் கெட்டுப்போச்சுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"அவர் சம்சாரம். எழுதியிருந்தாங்க."

"எத்தன கடுதாசி?"

"நாலு."

"எத்தன படிச்சீய?"

பிய்ந்த வாரைத் திரவியம் மேசைமேல் வைத்தார்.

"முதலும் கடைசியும்."

கர்னல்காரர்களுக்கு ஒரு புகார்ப் பட்டியல் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம். பிடித்தால் பார்ப்பார்கள். இல்லையென்றால் 'விவரம் போதாது' என்று ஒரு வரி போட்டு மூடிவிடுவார்கள். மூடின புகாரில் அதற்குப் பிறகு யார் என்ன எழுதினாலும் இவர்களுக்குத் தெரிய வராது. நல்ல ஏற்பாடு.

முதல் கடிதம் இது. 'சார், சில நாளில் பேட்டரி நம்பர் அசையாமல் நின்றுவிடுகிறது.'

திரவியம் போட்டது: 'விவரம் போதாது.'

கடைசிக் கடிதம் அவருடைய சொந்த மின்னஞ்சல் முகவரிக்கு வந்தது. 'சார், நாலாவது தடவை எழுதுகிறேன்: வேனில் எழுபத்தொன்று என்று காட்டிக்கொண்டே அணைந்தது, இவர்களும் போய்விட்டார்கள். இனி எங்களுக்குத் தேவையில்லை. மற்றவர்களுக்காவது பாருங்கள். நன்றி.'

"நடுவுல ரெண்டு?" என்றார் பல்கீஸ்.

திரவியம் மூடின புகாரைத் திறந்தார். இரண்டும் அங்கேயே இருந்தன.

பல்கீஸ் சொன்னார்: "சத்தமா வாசிங்க."

வாசித்தார்.

'சார், விவரம் போதாது என்று போட்டிருந்தீர்கள். என்ன விவரம் வேண்டும் என்று போடவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மத்தியானம் இவர்கள் உறங்கும்போது மூடி வைப்பேன். சார்ஜர் சொருகியபடியே இருக்கும். இப்போது இங்கே காற்றடி காலம். கரண்ட் போய்ப் போய் வரும். கரண்ட் அதிகம் போன நாளில்தான் நம்பர் நிற்கிறது. போகாத நாளில் ஒழுங்காக இருக்கிறது.'

அடுத்ததை வாசித்தார்.

'சார், காலண்டர் தாளில் குறித்து வைத்தேன். பதினெட்டு நாள். கரண்ட் போவது ஒன்று, வருவது ஒன்று என்று எண்ணினேன். மூடி வைத்திருக்கும்போது எட்டு வரைக்கும் பொறுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் போனால் கோபித்துக்கொண்டதுபோல் இருக்கிறது. திறந்த பிறகும் ஒன்றும் சொல்வதில்லை. நீங்கள் கேட்டால் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.'

வெளியே மீன்காரர் ஒருவர் கூவிக்கொண்டு போனார்.

"தேதி என்ன?" என்றார் பல்கீஸ்.

"அவர் சாகிறதுக்கு அஞ்சு வாரம் முன்னாடி."

பல்கீஸ் மேசையிலிருந்த கணினியில் சார்ஜரைச் சொருகி, மூடியை மூடினார். சார்ஜரைப் பிடுங்கினார். சொருகினார். பிடுங்கினார். பத்து தடவை. கடைசியில் பிடுங்கியே வைத்தார். மூடியைத் திறந்தார்.

சார்ஜர் மேசைமேல் கிடந்தது. திரை, சார்ஜ் ஏறுகிறது என்று சொன்னது. எண்பத்திரண்டு சதவீதம் என்றது. அரை மணி கழித்தும் எண்பத்திரண்டு என்றது.

எட்டுச் சேதி சேர்ந்தும் கர்னல் கேட்காவிட்டால் ஈ.சி. கை தூக்குவதையே விட்டுவிடுகிறது. திரவியம் தட்டத் தொடங்கினார். நாலே வரி. கர்னல் விழித்ததும் முதல் வேலையாக, கை தூக்கியிருக்கிறதா என்று பார்க்காமலே, ஈ.சி.யைக் கேட்கும். என்ன? பதில் வரும். மறுபடி, என்ன? சைபர் வருகிற வரை.

மறுபடி பத்து தடவை பிடுங்கிச் சொருகினார்கள். திறந்தார்கள். எழுபத்தாறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுபத்தைந்து.

"ஆச்சு," என்றார் திரவியம்.

"ஆச்சா?"

திரவியம் பைக்குள் சாமான்களை வைக்கப் போனார். வார் இல்லை. பையைக் கீழே வைத்தார்.

"அந்த அம்மா போன் நம்பர் இருக்கா?" என்றார் பல்கீஸ்.

"இருக்கு."

"நான் வேணும்னா டீ வாங்கப் போகட்டா?"

"வேண்டாம். இருங்க."

போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். ஏன் என்று கேட்காதீர்கள். தனியாகக் கேட்கத் தைரியம் இல்லை.

"யாரு?"

"நான் திரவியம் பேசுறேம்மா. சென்னை. அந்தக் கம்ப்யூட்டர்..."

"அதான் வேண்டாம்ன்னு எழுதிட்டேனே சார்."

"ஆமாம்மா."

திரவியம் எதையோ விளக்க வாயைத் திறந்தார். நாலு வரி, எட்டு தடவை, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. பல்கீஸ் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு என்னம்மா ஆச்சு?"

"எதுக்கு சார் இப்ப?"

"என்ன ஆச்சு?"

அந்த அம்மா சொன்னார். "நம்பர் நின்னா நம்பக்கூடாதுன்னு எனக்குத்தான் தெரியுமே சார். அவசரத்துல பாத்தேன். எழுபத்தொண்ணு. போதும்ன்னு வேன்ல ஏறிட்டேன். வேற பேட்டரி அலமாரியில இருந்துச்சு. எடுக்கல."

"அப்புறம்?"

"தென்காசி தாண்டி பேசிக்கிட்டே வந்தாக. கதவப் பூட்டினியான்னு கேட்டாக. பூட்டிட்டேன்னேன். சாவிய யாருகிட்ட குடுத்தன்னாக. பாவூர்சத்திரத்துல, 'நீ அந்த'ன்னு சொன்னாக. அதோட அணைஞ்சுபோச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன சார். திரை கறுத்துப்போச்சு. கண்ணு நிக்கல. கறுத்த திரையில எழுதிக்கிட்டே வந்தாக. ஆலங்குளம் வரைக்கும்."

பல்கீஸ் முக்காட்டு நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

"அப்புறம்மா?"

"நான் என்னன்னு கேக்கல சார். கேட்டா பதில் சொல்ல முடியாம தவிப்பாகளேன்னு கேக்கல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். கேட்டிருக்கலாம். கண்ண மூடித் திறந்தாவது எதாச்சும் சொல்லியிருப்பாக."

திரவியத்தால் அடுத்த 'அப்புறம்' சொல்ல முடியவில்லை. சொன்னார்.

"அப்புறம்?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். எங்கோ ஒரு குக்கர் விசில்.

"அவ்வளவுதான் சார். இனி ஒண்ணும் இல்ல."

திரவியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார்.

"நீங்க எழுதின ரெண்டு கடிதத்தையும் இன்னைக்குத்தான் வாசிச்சேன்."

பல்கீஸ் போனை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க எண்ணினது சரி. எட்டுதான். இனி நிற்காது. மத்த பதினோரு பேருக்கும் இன்னைக்கே அனுப்புறேன்."

"நல்லது."

"அனுப்பும்போது கீழ பேர் போடுறது வழக்கம். உங்க கடிதமெல்லாம் சுப்பையான்னு அவர் முகவரியிலயே வந்துச்சு. உங்க பேர் எனக்குத் தெரியல."

"அவுக பேரையே போடுங்களேன்."

"கண்டுபிடிச்சது நீங்கம்மா. உங்க பேர் என்ன?"

குக்கர் மறுபடி விசிலடித்தது.

சொன்னார். "இனிஷியல் சு. அத விட்டுராதீய."

"விடமாட்டேன்."

போனை வைத்தார். தட்டினார். பல்கீஸ் எட்டிப் பார்த்தார். திருத்தத்தின் அடியில் மூன்று வரி இருந்தது.

சோதித்தவர்: பல்கீஸ்.

தட்டச்சு: திரவியம்.

சரிசெய்தவர்: சு. உலகம்மாள்.