அடிபிடித்த பழப்பாகு

மலையடிவாரத்துக் காட்டில் ஒரு குகை இருந்தது. அதில் வயசான கரடி ஒன்று வசித்தது. அதன் மகள் இலுப்பி தலைப்பிரசவத்துக்கு அப்பன் வீட்டுக்கு வந்திருந்தது. அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டதால், ஆக்கிப் போடுவதிலிருந்து எல்லாம் கரடியின் தலையில்தான்.

இலுப்பிக்கு எதைத் தின்றாலும் குமட்டல். கிழங்கு வயிற்றில் நிற்கவில்லை. கறையான் நிற்கவில்லை. பழத்தில் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுப் பாகாகக் காய்ச்சிக் கொடுத்தால் மட்டும் நின்றது. அந்தப் பாகும் தீர்ந்து, முந்தாநாள் முதல் இலுப்பி வெறும் தண்ணீரில் கிடந்தது. பிரசவம் இன்றோ நாளையோ.

கரடி விடியற்காலையிலேயே கிளம்பிக் காடெல்லாம் அலைந்தது. கடைசி மாம்பழங்களும் கொஞ்சம் நாவற்பழமும் கிடைத்தன. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை இறங்கினால் கிளையில் மிச்சம் இருப்பதும் உதிர்ந்து அழுகிவிடும்.

“இந்த ஒரு சட்டிதான். இதை விட்டால் என் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை” என்று கரடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டியது. பழத்தைப் பிசைந்து மண்சட்டியில் போட்டது. பிறகு சுக்கு, மிளகு, கிராம்பு, பட்டை எல்லாவற்றையும் பாறையில் வைத்து இடித்தது. நெடி ஏறி, கண்ணில் நீர் வழிய வழியத் தும்மியது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. மசாலா இடித்தவர் பதம் பார்ப்பதில்லை. இடித்தவர் மூக்கு மரத்துப் போயிருக்கும். அதனால் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வார்கள்.

கரடிக்குப் பக்கத்து வீடு, குகைக்கு மேலே நிற்கும் நாவல் மரம். அந்த மரத்துப் பொந்தில் ஒரு மரநாய் இருந்தது. பழத்தின் பதம் பார்ப்பதில் அதன் மூக்குக்கு நிகர் அந்த மலையிலேயே கிடையாது.

ஆனால் கரடிக்கும் மரநாய்க்கும் பேச்சுவார்த்தை இல்லை. இலுப்பியின் கல்யாணப் பந்தியில், சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, “பாயசத்துல இனிப்பைக் காணோமே, கரடியண்ணன் தேனை வழியிலேயே குடிச்சிட்டு வந்துட்டாரா?” என்று மரநாய் கேட்டுவிட்டது. பந்தியே சிரித்தது. பாயசத்தில் இனிப்புக் குறைவுதான். அது கரடிக்கும் தெரியும். அதனாலேயே அந்தக் கோபம் ஆறவில்லை.

“அவனைக் கூப்பிடுவதற்கு நான் பட்டினி கிடந்து சாகலாம்” என்றது கரடி. பட்டினி கிடப்பது தான் அல்ல, மகள் என்பது அப்போது அதற்கு நினைவு வரவில்லை.

பாகு தளதளவென்று கொதித்தது. கரடி குனிந்து மோந்தது. ஒரு வாசனையும் வரவில்லை. “கெட்ட வாடை எதுவும் இல்லை. சரியாகத்தான் இருக்கிறது” என்று நினைத்துக்கொண்டது. மழைக்குள் முடிக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் இன்னும் இரண்டு விறகைத் தள்ளியது.

மரத்திலிருந்து குரல் வந்தது.

“அண்ணே, அடி பிடிக்குது.”

கரடி நிமிரவில்லை.

“அண்ணே, உங்களத்தான். தீயை இழுங்க.”

“அன்னைக்குப் பாயசம், இன்னைக்குப் பாகா? என் சட்டியைப் பத்திப் பேசாம உனக்குப் பொழுது போகாதே.”

“பாயசத்தை விடுங்க. இன்னும் நேரம் இருக்கு. கிளறிடாதீங்க. மேலாக வேற சட்டிக்கு ஊத்துங்க. அடியில இருக்கிறது அப்படியே கிடக்கட்டும், தொடாதீங்க.”

கரடிக்கு இப்போது சந்தேகம் முளைத்தது. அடியைத் தொடாமல் விட்டால் சட்டியை வழித்து நக்குவது யார்? மேலே உட்கார்ந்திருக்கிற இவன்தானே?

“ஓகோ, அடிப்பாகு உனக்கா? இப்ப பாருடா” என்று சொல்லி, அகப்பையை ஆழமாக விட்டு அடியோடு ஒரு கிளறு கிளறியது. வீம்புக்கு இன்னொரு கிளறும் கிளறியது.

அகப்பையோடு கன்னங்கரேலென்று ஒரு பொருக்கு மேலே வந்தது. பின்னாலேயே இன்னொன்று வந்தது. பொன்னிறமாக இருந்த பாகில் கறுப்புத் துணுக்குகள் சுழன்றன.

கரடி அவசர அவசரமாகச் சட்டியைத் தூக்கி இறக்கியது. கொஞ்சம் வழித்து நாக்கில் வைத்தது. நாக்கும் மரத்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை. நல்லதா கெட்டதா என்று தெரியாமலே, ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றி ஊதி ஊதி ஆற்றிக் குகைக்குள் கொண்டு போனது.

“ஒரு வாய் குடிம்மா.”

இலுப்பி முகத்தருகே வாங்கியது. அவ்வளவுதான். சுவர்ப்பக்கம் திரும்பி ஓங்கரித்தது. வர ஒன்றும் இல்லாமல் வெறும் நீர்தான் வந்தது.

“கருகல் நாத்தம்ப்பா. வெளியே கொண்டு போயிருங்க” என்று முனகியது. “கோபிச்சுக்காதீங்கப்பா, முடியல.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மரத்தில் மிஞ்சியிருந்த பழங்கள் சொத்துச் சொத்தென்று சேற்றில் விழும் சத்தம் கேட்டது. கரடி கொட்டாங்கச்சியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றது. உள்ளே மகளின் மூச்சு இளைப்பது அதற்குக் கேட்டது. போவதற்கு ஓர் இடம்தான் இருந்தது. அந்த இடத்துக்குக் கால் நகர மறுத்தது.

உள்ளே இலுப்பி மறுபடியும் ஓங்கரித்தது.

கரடி மழையில் இறங்கி நாவல் மரத்தடியில் போய் நின்றது. கொஞ்ச நேரம் தொண்டையைக் கனைத்தது. மரநாய் எட்டிப் பார்த்தது.

“உன் பொந்துல பழம் இருக்கா?” என்றது கரடி கடைசியில்.

“இருக்கு. மழைக்காலம் பூரா நான் தின்னணுமே.”

“எனக்கு இல்லடா. பிள்ளைக்கு.”

“அது தெரியும். உங்களுக்கா இருந்தா வந்திருக்க மாட்டீங்க.” மரநாய் வாலைச் சுருட்டிக்கொண்டது. “தர்றேன். ஆனா நான் இறக்குன்னா இறக்கணும். ஏன், எதுக்குன்னு கேட்கக் கூடாது.”

கரடிக்குப் பல் நறநறத்தது. “கேட்கல. நீயே மோந்து பார்த்துச் சொல்லு” என்றது.

அடுப்பைக் குகைக்குள் மாற்றினார்கள். கரடி மறுபடி மசாலா இடித்தது, மறுபடி தும்மியது. மரநாய் பாறைத் திட்டில் ஏறிச் சட்டிக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அதன் ஈர வால் கரடியின் தோளில் பட்டது. கரடிக்கு அது துளியும் பிடிக்கவில்லை. ஆனாலும் தோளை விலக்கவில்லை.

“ஒரு விறகை இழுங்க. இன்னொண்ணும். ம்... இப்ப இறக்குங்க.”

சொல் முடியுமுன் சட்டி கீழே இருந்தது.

இலுப்பி ஒரு வாய் குடித்தது. கரடி மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு வாய் குடித்தது. கொட்டாங்கச்சி காலியாயிற்று. குமட்டல் வரவில்லை. “இன்னும் கொஞ்சம் ஊத்துங்கப்பா” என்று கேட்டது.

மரநாய் தன் விரலில் ஒட்டியிருந்த பாகை நக்கிப் பார்த்தது.

“இதுல இனிப்பு இருக்குண்ணே” என்றது.

கரடி முறைத்தது. முறைத்தபடியே ஓர் அகப்பை நிறைய மொண்டு மரநாய்க்கும் ஊற்றியது.

ஆளைப் பிடிக்காவிட்டால் ஆளோடு பேசாமல் இருந்துகொள்ளலாம், ஆனால் அவன் சொன்னது உண்மையா என்று பாராமல் தள்ளிவிட்டால் பட்டினி கிடப்பது நம் பிள்ளைதான்.