பகல்ல எரிஞ்ச ஹெட்லைட்

"நான் ஒரு வயரையும் தொடல சார். காரைக் கழுவச் சொன்னீங்க, கழுவினேன். மெக்கானிக் படிக்க வந்த பிள்ளைய எதுக்குக் கார் கழுவ விட்டீங்கன்னு நான் கேட்டேனா?"

செல்லக்கிளி தாளாளரை விடல. ஐ.டி.ஐ.யை நடத்துற அவரோட புதுக் காரு, ஸ்டார்ட் பண்ணினா பட்டப்பகல்லயும் ஹெட்லைட்டைப் போட்டுக்கிட்டு நிக்குது. அவதான் வயரைக் கெடுத்துட்டான்னு காலையில பிரேயர் மைக்குலயே பேரைச் சொல்லித் திட்டிட்டாரு. சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா அவ இனிமே ஒர்க்‌ஷாப் பக்கமே வரக்கூடாதாம். அதுவும் அவ கை கார் மேல படாமலே சரியாகணுமாம்!

"சரி சார், தொடல. சுவிட்ச் ஆட்டோலதானே இருக்கு? அப்படின்னா இருட்டினா லைட் தானா எரியும், வெளிச்சம் வந்தா தானா அணையும். வெளிச்சத்தைப் பார்க்குற சென்சார் முன் கண்ணாடியில, மேல நடுவுல இருக்கு. அங்க புதுசா என்னமோ மினுங்குதே?"

எல்லாரும் எட்டிப் பார்த்தாங்க. 'தாளாளர்'னு தங்க எழுத்துல, அவரே ஆசையா ஒட்டின அகலமான ஸ்டிக்கர்!

"நான்தான் தொடக்கூடாதே. நீங்களே உரிங்க சார்."

தாளாளர் முறைச்சுக்கிட்டே உரிச்சாரு. கொஞ்ச நேரத்துல ஹெட்லைட் அணைஞ்சுது.

"இப்ப அதே இடத்தைக் கையால பொத்துங்க."

பொத்தினாரு. மறுபடி எரிஞ்சுது. பசங்க விசிலடிச்சாங்க.

செல்லக்கிளி ஓடிப்போய் பிரேயர் மைக்கைக் கொண்டுவந்து அவர் முன்னால நீட்டினா.

"காலையில எம் பேரை இதுலதானே சொன்னீங்க? இப்பவும் இதுலயே, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க சார். காரோட கண்ணைக் கட்டினது யாரு?"