கொடி ஏறிய நாளில் காய்ந்த வலை

தீர்ப்பு சொல்லத் துடிக்கிற நாக்கைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு கேளுங்கள். இந்தக் கதையைக் கேட்டவர்களில் பாதிப் பேர் நடுவிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டு, முடிவில் முழித்திருக்கிறார்கள்.

கருங்காட்டுமேடு என்ற கடலோர ஊரில் கரைவலைக்காரர்கள் ஆறு பேர். படகில் வலையைக் கொண்டுபோய்க் கடலை வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பார்கள். ஆறு வலையும் ஒன்றாக இறங்கினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் ஐப்பசி பிறந்துவிட்டால் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை. முறைக்காரர் சூரியன் மறைவதற்குள் வலையை நனைக்கவில்லை என்றால், அந்தப் பருவம் முழுக்க அவருடைய முறை அடுத்த வலைக்காரருக்குப் போய்விடும். தானும் போடாமல், பிறரையும் போடவிடாமல் கரையை அடைத்துக்கொண்டு படுத்திருந்த சோம்பேறிகளுக்காக அந்தக் காலத்தில் செய்த விதி அது. இன்னொரு விதியும் உண்டு. கடல் கெட்டால் ஊர்த்தலைவரான நாட்டார் சிவப்புக்கொடி ஏற்றுவார். கொடி ஏறினால் படகு இறங்கக் கூடாது.

இரண்டும் நல்ல விதிதான். இரண்டும் ஒரே நாளில் வந்து நின்றால்? நின்றது. போன வருடம் கொடி ஏறிய ஒரு நாளில் வைரக்கண்ணுவின் முறை. ரோஷக்காரன். முறை போய்விடுமே என்று கொடியை மீறிப் படகை இறக்கினான். மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்கியது. ஊரே அழுதது. ஆனால் விதியை மாற்ற வேண்டும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இந்த ஐப்பசியில் அவன் மனைவி குமுதவல்லி வலையை எடுத்தாள். வலை வீட்டில் இருந்தால் முறையும் வீட்டுக்குத்தான், அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. மூன்றாம் சுற்றில் அவள் நாள் வந்தது. வந்தது பாருங்கள், வாடைக்காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு! மழை வெள்ளத்தில் ஆற்றுவாய் உடைந்து, கடல் தேநீர் நிறத்தில் கலங்கிக் கிடந்தது. கரையை ஒட்டிக் கடலுக்குள் கிடந்த மணல்திட்டுக்கு அப்பால் அலை ஆள் உயரம் எழுந்தது. விடிந்ததும் நாட்டார் கலியமூர்த்தி கொடியை ஏற்றினார்.

ஏற்றிய கையோடு அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். “அம்மாடி, வலையோட ஒரு முனையை மட்டும் அலையில நனைச்சு எடுத்துட்டுப் போயிடு. நனைஞ்சுதுன்னு நான் சொல்லிக்கிறேன். முன்னாடியும் ரெண்டு மூணு பேருக்கு இப்படித்தான் சமாளிச்சுவிட்டேன்.”

குமுதவல்லிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “இந்த வழியை என் வீட்டுக்காரருக்கு ஏன் மாமா சொல்லல?”

“அவன் என்னை வந்து கேக்கலியேம்மா.”

அவள் வலையைக் கரைமணலில் குவித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். “கண்துடைப்புக்கு நனைக்க மாட்டேன். முறையையும் விட மாட்டேன். ஊர் நல்லாப் பாக்கட்டும்!” அவள் வலையின் கயிறு இழுக்கிற எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

மதியத்துக்கு மேல் கடல் அவளைச் சோதித்தது. வாடைக்குப் பயந்து கரையோரம் ஒதுங்கிய மடவை மீன்கள், மணல்திட்டுக்கு உள்பக்கப் பள்ளத்தில் கூட்டம் கூட்டமாக நுழைந்தன. அவற்றைத் துரத்திக்கொண்டு கொடுவா மீன்களும் வந்து புரண்டன. மேலே ஆலாப் பறவைகள் கத்திக் கத்தி விழுந்தன. படகே வேண்டாம், இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே வளைத்துவிடலாம்.

ஏகாம்பரம் ஓடிவந்தான். அடுத்த வலைக்காரன் அவன்தான். அவள் முறை தவறினால் அவனுக்குத்தான் லாபம். “அண்ணி! மீன் காலடியில வந்து கிடக்கு. கொடி படகுக்குத்தானே, காலுக்கு இல்லையே! வலையை விரிங்க, முறையும் கைவிட்டுப் போகாது. நானும் ஒரு கை பிடிக்கிறேன்!” மனதாரத்தான் சொன்னான், அதை நான் மறைக்க மாட்டேன்.

குமுதவல்லியின் கை பரபரத்தது. வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். இந்த மூன்று மாதக் கரைவலையை விட்டால் வேறு பிழைப்பில்லை. இருந்தும் எழுந்திருக்கவில்லை. “இன்னைக்கு மீன் காலடிக்கு வந்துச்சு. நான் நனைச்சுட்டா உங்க விதி அப்படியே நிக்கும். இன்னொரு நாள் மீன் வராது தம்பி, கொடி மட்டும் வரும். அன்னைக்குத் தாலி அறுக்கப்போறது யாரு? உன் பொண்டாட்டியா?”

மீன் கூட்டம் வடக்கே நகர்ந்தது. சூரியன் சவுக்குத்தோப்புக்குப் பின்னால் இறங்கியது. வலை காய்ந்தபடியே கிடந்தது.

ஊர் கூடியது. ஏகாம்பரம் சொன்னான்: “எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா மீன் வந்தும் அண்ணி வலை போடல. விதிப்படி முறை எனக்கு.”

நாட்டார் சலித்துக்கொண்டார்: “நான் சொன்னபடி நனைச்சிருந்தா இந்த வம்பே வந்திருக்காது.”

குமுதவல்லி யார் முகத்தையும் பார்த்துத் தயங்கவில்லை: “கடலைப் பூட்டினதும் நீங்க. ஏன் போகலைன்னு கேக்கறதும் நீங்களா? முறை என்னோடதுதான்!”

இப்போது சொல்லுங்கள். விதியை வளைத்து உயிரைக் காக்கப் பார்த்த நாட்டார், விதியை விதியாகவே கேட்ட ஏகாம்பரம், விதியின் முகத்துக்கு நேராக வலையைக் காயவைத்த குமுதவல்லி. இந்த மூவரில் யார் செய்தது சரி? முறை யாருக்கு?

விடை: குமுதவல்லிக்குத்தான். நாட்டாரின் இரக்கம் காதோடு காதாகச் சொன்ன இரக்கம். கேட்டவன் பிழைப்பான், கேட்கத் தெரியாதவன் சாவான். ஏகாம்பரம் சொன்னதில் பாதி உண்மை உண்டு. காலடிக்கு வந்த மீனை அவள் விட்டாள், அந்த மீன் அவள் கைவிட்டுப் போனது போனதுதான். ஆனால் முறையைப் பறிக்கிற விதி சோம்பேறிக்காகச் செய்தது. ஊரே கொடியேற்றிப் படகைத் தடுத்த நாள் யாருடைய முறை நாளும் அல்ல; இல்லாத நாளில் முறை எப்படித் தவறும்? நாட்டார் என்ன தீர்ப்பு சொன்னார் என்று என்னைக் கேட்காதீர்கள். கொடி இறங்கிய அன்று, யார் உத்தரவுக்கும் காத்திராமல், விடிந்ததும் குமுதவல்லி அதுவே தன் முறை நாள் என்று படகை இறக்கினாள். தடுக்க ஒருவரும் வரவில்லை.