விரலை எடுத்தா அணையுதா?

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவன் ஜெயசீலன். அவனைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

குன்னூரில் ஒரு பெரிய ஓட்டலில் நாங்கள் இருவரும் அறைகளைச் சூடாக்கும் காஸ் கணப்புகளைக் கவனித்துக்கொண்டோம். ஒரு நாள் ஓர் அறையில் அவன் திருகைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்துவிட்டான். அறை முழுக்க காஸ் வாடை. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் கேட்டபோது, "சின்னராசுதான் கடைசியா உள்ள போனான்" என்றான். அன்றைக்கே என்னை வெளியே அனுப்பினார்கள்.

பதினோரு வருடம் ஆகிறது. 'நான்தான்' என்ற ஒரு வார்த்தை அவன் எனக்குப் பாக்கி.

அதன் பிறகு எந்த ஓட்டலும் என்னைச் சேர்க்கவில்லை. பவளம் என்று ஓர் அம்மாள் கணப்பு பழுது பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு அவரிடம் போனேன். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். முதல் நாளே சொன்னார்: "உங்களுக்குத் திருகத் தெரியுதுண்ணே. எதுக்குத் திருகறோம்னு தெரியல." நான் அவரை வாத்தியாரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தேன். முதலில் கேலியாகத்தான்.

யார் போன் செய்தாலும் வாத்தியாரம்மா கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"விரலை எடுத்தா அணையுதா, எடுத்தும் எரியுதா?"

கணப்பைப் பற்றவைக்கும்போது திருகை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்திருக்கும் வரை எந்தக் கணப்பிலும் சின்னச் சுடர் எரியும். விரலை எடுத்த பிறகும் எரிந்தால்தான் அது நல்ல கணப்பு.

மார்கழியில் ஒரு மதியம் போன் வந்தது. வாத்தியாரம்மா வழக்கம்போலக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்வீங்களே, அந்த ஜெயசீலன் வீடுண்ணே. அவருக்குப் பக்கவாதமாம். குளிர் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம். மகன் அனுப்பின கணப்பு நின்னு எரிய மாட்டேங்குதாம்."

நான் சாமான் பையை எடுத்தேன்.

"நீங்க வேணா கடையில இருங்க."

"வரேன். அணையறதை நானும் பார்க்கணும்" என்றேன்.

அவன் மனைவி எஸ்தர் கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "வாங்கண்ணே" என்றாள்.

ஜெயசீலன் நாற்காலியில் இருந்தான். மேலே இரண்டு கம்பளி. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் மட்டும் பழைய கண். அது என்னை விட்டு நகரவில்லை.

"நீங்க பாருங்கண்ணே. நான் சிலிண்டர் குழாயைப் பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வாத்தியாரம்மா பின்பக்கம் போய்விட்டார்.

நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். திருகை அழுத்தினேன். பொறி வந்தது, சுடரும் வந்தது. மஞ்சளாக, சோம்பலாக ஆடியது. பத்து எண்ணிவிட்டு விரலை எடுத்தேன். அணைந்தது. மறுபடியும் அப்படித்தான்.

எஸ்தர் டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். "ஆகுமாண்ணே? ராத்திரியெல்லாம் நடுங்கறாரு."

கோயம்புத்தூரிலிருந்து சாமான் வரவேண்டும், ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது ஜெயசீலன் வாயை அசைத்தான். ஏதோ சொல்லப் பார்த்தான். நான் கையில் இருந்ததைக் கீழே வைத்தேன். பதினோரு வருடம் காத்திருந்த காதை அவன் வாயருகே கொண்டுபோனேன்.

"கு... குளிருது" என்றான்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கம்பளிக்கு வெளியே அவன் கால் தெரிந்தது. காலுறை பாதி கழன்றிருந்தது. அதை இழுத்துவிட்டேன். பாதம் ஐஸாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் வாத்தியாரம்மா வாசற்படியில் நின்றிருந்தார்.

"சொல்லுங்கண்ணே, என்ன கோளாறு?"

"சுடர் கம்பியைத் தொடலை" என்றேன்.

சுடருக்குப் பக்கத்தில் பென்சில் முனை போல ஒரு கம்பி உண்டு. அது சூடாக இருந்தால்தான் காஸ் வரும் வழி திறந்திருக்கும். ஆறினால் மூடிக்கொள்ளும். நான் சுடர் வரும் சின்னக் குழாயைக் கழற்றி ஊதினேன். உள்ளேயிருந்து சிலந்திக் கூடு வந்து விழுந்தது.

"சிலந்திக்கு காஸ் வாடை ரொம்பப் பிடிக்கும். வாடகை இல்லாத வீடு" என்றார் வாத்தியாரம்மா. எஸ்தர் சிரித்துவிட்டாள்.

கம்பியின் கரியைத் துடைத்து எல்லாவற்றையும் மறுபடி பொருத்தினேன். இப்போது சுடர் நீலமாக எழுந்து கம்பியைத் தழுவியது. பத்து எண்ணி விரலை எடுத்தேன். அணைந்தது.

"எத்தனை எண்ணணும் வாத்தியாரம்மா?"

அவர் இன்னும் ஆறாத டீ தம்ளரை எடுத்து என் கையில் வைத்தார். "குடிக்காதீங்க. சும்மா பிடிங்க."

பிடித்தேன். குளிரில் விறைத்த விரல்கள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "கை சூடாச்சா?"

"ஆச்சு."

"எத்தனை எண்ணினீங்க?"

"எண்ணலையே."

"கம்பியும் எண்ணாதுண்ணே."

மறுபடி அழுத்தினேன். எண்ணவில்லை. கட்டைவிரல் வலித்தது. எனக்குப் பின்னால் ஜெயசீலன் மூச்சுவிடுவது கேட்டது. விரலை மெல்ல எடுத்தேன். சுடர் நின்றது. திருகைத் திருப்பியதும் கணப்பு முழுக்கக் குப்பென்று பற்றியது. எஸ்தர் அவன் நாற்காலியை அருகே தள்ளினாள். அவன் நல்ல கையை நெருப்புக்கு நேராக நீட்டினான். பிறகு அதே கையை என் தோள்மேல் வைத்தான். கனமாக இருந்தது. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

இறக்கத்தில் பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது.

"அவன் சொல்லலை வாத்தியாரம்மா" என்றேன்.

"இனி சொல்ல வருமோ என்னமோ."

"கையை வெச்சா ஆச்சா? எனக்கு வார்த்தைதான் பாக்கி. பதினோரு வருஷமா இங்க எரியுது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "ஒரு நாள்கூட அணைஞ்சதில்ல. இதுக்கு என்ன பண்றது, சொல்லுங்க."

வாத்தியாரம்மா நின்றார். என் கையிலிருந்த கனமான பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். போனில் கேட்பதுபோலவே, சாதாரணமாகக் கேட்டார்.

"விரலை எடுத்தா அணையுதா, எடுத்தும் எரியுதா?"

நான் கட்டைவிரலைப் பார்த்தேன். திருகின் தடம் இன்னும் அதில் பதிந்திருந்தது.

பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட நான் விரலை எடுத்துப் பார்த்ததில்லை. ஜெயசீலன் அந்த வார்த்தையை இன்னும் சொல்லவில்லை.